கலகெதர குசினியில் புகை மேலே போன விதம்

தெல்தெனியவில் கடைத்தெருவுக்குள் நுழைந்ததும் இடது கைப்பக்கம் நிற்கிற இரண்டு மாடிக் கடை நான் கட்டியது. கண்டிக்கு மேலே, இந்தச் சரிவில் எதுவும் நிற்காது என்று படித்தவர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த இடத்தில் கருங்கல் அணைச்சுவர் நான் கட்டியது. இருபது மழைக்காலம் அடித்துவிட்டது, ஒரு கல் நகரவில்லை. பாண் ரொட்டி சுடுகிற போறணை அடுப்பு நாலு. பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தாங்கி ஒன்று. அதற்கு வரைபடம் கொடுத்தவர் பாதியில் வராமல் போய்விட, மீதியை என் தலைக்குள் இருந்த அளவை வைத்தே முடித்தேன். அப்புறம் என் சொந்த வீடு. அதன் சிமெந்துத் தரையில் முகம் பார்க்கலாம். சந்தேகம் என்றால் வந்து பாருங்கள், செருப்பை மட்டும் வெளியே விட்டுவிடுங்கள்.

இத்தனையும் செய்தவன் தேயிலைத் தோட்டத்து லயத்துக் காம்பராவில் பிறந்து, மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மட்டம் பார்க்கிற கருவி வாங்க வழியில்லாத காலத்தில் ரப்பர் குழாயில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்த்தவன். எழுத்துக் கூட்டிப் படிப்பேன். எழுதவும் எழுதுவேன், மெதுவாக. இதையும் யாரையும் வைத்து எழுதவில்லை.

கலகெதர வேலையை இந்த வரிசையில் எங்கே வைப்பது என்று எனக்கே தெரியாது. அது கட்டடம் இல்லை, ஒரு அடுப்பு. ஆனால் இத்தனை கட்டடத்திலும் வராத நடுக்கம் அந்த அடுப்பு முன்னால் எனக்கு வந்தது.

காஸ் சிலிண்டருக்கு சனம் வரிசையில் நின்ற வருடம் அது. கரண்டும் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். ஒரு திங்கட்கிழமை காலையில் ஒரு பெண் எனக்கு கோல் எடுத்தார். கொத்துவேலை செய்கிறவனை எங்கள் பக்கம் மேசன் பாஸ் என்பார்கள்.

"மேசன் பாஸா? எங்கட குசினிய மூடப் போறாங்க. வியாழக்கெழமைக்குள்ள பொகய நிப்பாட்டோணும். ஏலுமா?"

"என்ன அடுப்பு?"

"வெறகடுப்பு. பொகக்கூண்டு ஈக்கி. கூண்டால மட்டும் பொக போகுதில்ல."

இவ்வளவு சரியாக நோயைச் சொன்ன ஆள் எனக்கு அமைந்ததில்லை. அன்றைக்கே பஸ் ஏறினேன்.

வீடு குருநாகல் போகிற ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே, ஒரு மேட்டுக்கு அடியில். அந்த அம்மாவுக்கு ஐம்பத்தைந்து இருக்கும். முஸ்லிம் பெண், புருஷன் மௌத்தாகி ஏழெட்டு வருடம். விடிய முன்னால் எழும்பி சோறும் கறியும் ஆக்கி, பார்சல் கட்டி, ஒன்பது மணி பஸ்ஸில் கண்டிக்கு அனுப்புவார். குட்ஷெட் பஸ் நிலையத்தைச் சுற்றி இருக்கிற கடைகளில் மத்தியானம் விற்கிற பார்சலில் பாதி இவர் கை பட்டது. அந்த வீட்டில் எரிகிற அடுப்பு அது ஒன்றுதான். அதை வைத்துத்தான் அந்த வீடே நிற்கிறது.

கதை இதுதான். சுகாதாரப் பரிசோதகர், நாங்கள் பீ.எச்.ஐ. என்று சொல்கிற அதிகாரி, முதல் தடவை வந்த நேரம் பார்த்து ஒரு குரங்கு ஜன்னலால் இறங்கி சோற்றுச் சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. கண்டிப் பக்கத்துக் குரங்குக்கு எந்த வீடும் மாமியார் வீடுதான். அதிகாரி எழுதிவிட்டுப் போனார்: குரங்கும் ஈயும் நுழையாமல் அடையுங்கள். அடைத்தார்கள். அதன் பிறகு புகை வீட்டுக்குள் சுற்ற ஆரம்பித்தது. இரண்டாவது தடவை வந்த அதிகாரிக்குக் கண்ணைத் திறக்கவே முடியவில்லை. அவர் எழுதிய இரண்டாவது கடதாசி அலுமாரிக் கதவில் ஒட்டி இருந்தது. வியாழக்கிழமை வருவேன், புகை இருந்தால் குசினிக்கு அன்றே பூட்டு.

அடைத்தவர் அந்த அம்மாவின் மருமகன். கட்டாரில் ஆறு வருடம் ஏ.சி. பூட்டுகிற வேலை பார்த்துவிட்டு வந்தவர், முப்பது வயது. நல்ல கைவேலைக்காரர், நான் பொய் சொல்ல மாட்டேன். ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டு ஓரமெல்லாம் பசை பூசி, குரங்குக்காக எப்போதும் மூடியே இருக்கிற கதவுக்குக் கீழே ரப்பர் பட்டி அடித்து, ஒரு ஏ.சி. அறை மாதிரியே ஆக்கி வைத்திருந்தார். சுவரின் மேல் மூலையில் புகை இழுக்கிற விசிறி ஒன்று. அவர் வாங்கியது.

"பாஸ், இது எயார் டைட்," என்றார்.

"அப்பிடின்னா?"

"காத்துக் கூட உள்ளுக்கு வரேலாது."

"நல்ல வேலை," என்றேன். அந்த இடத்திலேயே என் மண்டையில் தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை. நான் புகைக்கூண்டைப் பார்க்க வந்தவன், கூண்டைத்தான் பார்த்தேன்.

கூண்டு செங்கல்லில் கட்டியது, யாரோ கட்டியது. கூரைக்கு மேலே இரண்டு வரி கல்லோடு நின்றுவிட்டது. பின்னால் மேடு, மேட்டில் பலாமரம். மேட்டிலிருந்து இறங்குகிற காற்று கூண்டின் வாயில் கையை வைத்து அமுக்குகிறது என்று பார்த்த உடனே தீர்மானித்தேன். கூரை முகட்டைவிடக் கூண்டு மூன்று அடி உயர்ந்து நிற்க வேண்டும். போறணை கட்டுகிற எல்லாருக்கும் தெரிந்த கணக்கு.

அன்றைக்கே உள்ளே இருந்த கரியைச் சுரண்டினேன். ஒரு வாளி கரியும் ஒரு அணில் கூடும் வந்தன. செவ்வாய்க்கிழமை கூரையில் ஏறினேன். பாசி பிடித்த ஓடு, என் இடது முழங்கால் மடங்காது. கீழே அக்கம்பக்கத்து ஆட்கள் நாலைந்து பேர் நின்று அண்ணாந்து பார்க்கிறார்கள்.

"பெரியவரே, விழுந்தீங்கண்டா இந்தப் பக்கமா விழுங்க, அங்கால எங்கட கோழிக்கூடு," என்றது ஒரு குரல்.

மத்தியானம் மூன்று மணிக்கு மூன்று அடியும் எழும்பி நின்றது. இறங்கி வந்து, கையைக்கூடக் கழுவாமல், "பத்த வைங்க தங்கச்சி," என்றேன்.

அந்த அம்மா பற்ற வைத்தார். மருமகன் விசிறியைப் போட்டார். புகை எழும்பியது, கூண்டின் வாய் வரைக்கும் போனது, அங்கே நின்று யோசித்த மாதிரி நின்றது, பிறகு திரும்பி எங்கள் முகத்துக்கே வந்தது.

எனக்குக் காது சுட்டது.

"பாஸ்," என்றார் மருமகன், "கூண்ட இன்னும் ஒசத்துவமா? அப்பிடியே கண்டி வரைக்கும் கொண்டு போனா பார்சலயும் அதாலயே அனுப்பலாம்."

"சும்மா ஈங்க மகன்," என்றார் அந்த அம்மா. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். அழுதாரா, புகையா, தெரியவில்லை. "பாஸ், எனக்கு மறைக்காம சொல்லுங்க. ஏலாதுண்டா ஏலாதுண்டு சொல்லுங்க. நான் கடக்காரங்களுக்கு இப்பவே சொல்லோணும். ஒரு நாள் பார்சல் போகல்லண்டா மறுநாள் அந்த எடத்துல வேற ஆள் நிப்பாங்க. பொறகு பூட்டத் தெறந்தும் வேலையில்ல."

"நாளைக்கு ஒரு நாள் தாங்க," என்றேன். வாய் சொல்லிவிட்டது. கையில் ஒன்றும் இல்லை.

புதன்கிழமை முதல் பஸ்ஸில் போய்விட்டேன். ஈரத்துணியை மூக்கில் கட்டிக்கொண்டு அந்த அம்மா சமைக்கிறார். நான் அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு பலகைக் கட்டையில் உட்கார்ந்து பார்க்கிறேன். கரி அள்ளுவதற்குக் கூண்டின் அடியில் ஒரு சின்னக் கதவு உண்டு. பார்சல் பஸ்ஸேறிய பிறகு நெருப்பைக் கொஞ்சம் தணித்து, அதற்குள் முகம் பார்க்கிற கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்தேன். கண்ணாடிக்குள் வானம் தெரிந்தது. சதுரமாக, சுத்தமாக. அடைப்பு இல்லை. உயரம் இருக்கிறது. வாய் அளவு சரி. எல்லாம் சரி, புகை மட்டும் கீழே. திரும்ப விறகை வைத்து எரித்தேன், திரும்ப அதே. நாற்பது வருடத்துக்கு மேல் சாந்துக் கரண்டி பிடித்தவனுக்கு ஒரு அடுப்பு பதில் சொல்ல மாட்டேன் என்கிறது. கடைசியாக ஒன்றும் தோன்றாமல் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

பன்னிரண்டு மணிக்குக் கரண்ட் போனது.

விசிறி முனகிக்கொண்டே சுற்றி நின்றது. அந்தச் சத்தம் நின்றபோதுதான் அப்படி ஒரு சத்தம் இருந்தது என்றே எனக்குத் தெரிந்தது. அடுப்பைப் பார்த்தேன். கீழே படிந்து வந்த புகை தயங்கியது. ஒரு நூல் மேலே போனது. பிறகு பாதி மேலே, பாதி வெளியே.

"யாரும் அசையாதீங்க!" என்று கத்திவிட்டேன்.

ஒரு மணி நேரம் காத்திருந்தோம். கரண்ட் வந்தது. விசிறி சுற்றியது. மேலே போய்க்கொண்டிருந்த புகை, கூப்பிட்ட நாய் மாதிரி திரும்பி வந்தது.

ஊதுபத்தி ஒன்று கேட்டேன். கொளுத்தி, கதவின் சாவித் துவாரத்துக்குப் பக்கத்தில் பிடித்தேன். பத்திப் புகை உள்பக்கமாகச் சீறியது. எயார் டைட் அறையில் காற்று வர மிச்சம் இருந்த வழி அந்தச் சாவித் துவாரமும் புகைக்கூண்டும்தான். விசிறி அறையிலிருக்கிற காற்றையெல்லாம் வெளியே இழுக்கிறது. அறை மூச்சுக்குத் தவிக்கிறது. பெரிய துவாரம் எது? கூண்டு. அதன் வழியாகக் காற்றைக் கீழே உறிஞ்சுகிறது, காற்றோடு புகையும் வருகிறது.

"போத்தல்ல தண்ணிய நெறச்சு கவுத்துப் பாருங்க," என்று மருமகனிடம் சொன்னேன். "ஏன் குடகுடன்னு திக்கித் திக்கி விழுது? காத்து உள்ள போனாத்தான் தண்ணி வெளிய வரும். உங்க குசினிக்கும் அதுதான்."

"அப்ப என்ட ஃபேன்தான் பிழையா?"

"ஃபேன் பாதி. அடச்சது மீதி. ஃபேன் நிக்கிறப்பவும் பாதிப் புகை வெளியதானே வந்துச்சு? அடுப்பு வாய்க்குப் பக்கத்துல, தரையோட சேத்து, சுவர்ல ஓட்டை போடணும். அடுப்பு எரியிற நேரம் ஃபேனப் போடக் கூடாது."

"சுவர்ல ஓட்டயா?" அவர் அலுமாரிக் கதவைக் காட்டினார். "குரங்கு வரும் பாஸ். நாளைக்கு அந்த மனிசன் வாரப்போ ஓட்டயால ஒரு குரங்கு கைய நீட்டிச்சிண்டா, பொக இல்லாட்டியும் பூட்டுத்தான். ஃபேன் ஏன் சுத்துதில்லண்டும் கேப்பாரு. நேத்து கூண்ட ஒசத்தினா சரிண்டு சொன்னீங்க. இண்டைக்கு ஓட்ட. நாளைக்கு என்ன, கூரயக் கழட்டுவமா?"

சரியான கேள்விதான். அந்த அம்மாவைப் பார்த்தேன். ஊதுபத்தி இன்னும் சாவித் துவாரத்துப் பக்கம் உள்ளே சாய்ந்து சாய்ந்து புகைந்துகொண்டிருந்தது. அதை அவரும் பார்த்தார்.

"ஒடைங்க பாஸ்," என்றார். "நான் கண்ணால கண்டத்த நம்புறேன்."

உளியை வைத்தேன். பூச்சு உதிர்ந்தது, செங்கல் விட்டுக் கொடுத்தது. உள்ளே நாலு விரல் போனதும் உளி டக்கென்று நின்றது. அத்திவாரத்துக் கருங்கல் ஒன்று அந்த இடத்தில் தலையைத் தூக்கி இருந்தது. ஒரு சாண் தள்ளி மறுபடி ஆரம்பித்தேன். பெரிய சுத்தியலால் ஓங்கி ஒரு அடி, இரண்டு அடி. மூன்றாவது அடி விழுந்ததும் மேலே "சரக்" என்று ஒரு சத்தம் கேட்டது.

நிமிர்ந்து பார்த்தேன். பூச்சில் ஒரு மயிரிழை வெடிப்பு, ஓட்டையின் மேல் விளிம்பிலிருந்து கூண்டை நோக்கி ஓடியிருந்தது.

நேற்றுக் கூண்டின் தலையில் மூன்று அடி பாரத்தை ஏற்றியவன் நானே. சாந்து இன்னும் பச்சை. இங்கே சுவர் கொஞ்சம் அமர்ந்தாலும் அங்கே கூண்டு சாயும். சாய்ந்தால் கூரையோடு அடுப்புக்கு மேலேதான் விழும். அந்த அம்மா அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கிறார்.

"தங்கச்சி, கொஞ்சம் முத்தத்துல போய் நில்லுங்க," என்றேன், ரொம்ப சாதாரணமாகச் சொல்வது போல.

"ஏன்?"

"தூசி."

மருமகன் வெடிப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. ஓடிப்போய் இரண்டு மரச் சட்டம் கொண்டுவந்தார். இரண்டு பேருமாக முட்டுக் கொடுத்தோம். அந்த நேரத்தில் அவர் செய்த உதவியை நான் மறைக்க மாட்டேன். அதற்குப் பிறகு சுத்தியலைத் தொடவில்லை. உளியைக் கையாலேயே திருகித் திருகிச் சுரண்டினேன். உள்ளங்கைத் தோல் உரிந்தது. ஐந்து மணிக்கு மறுபக்கத்து வெளிச்சம் ஊசி முனை போலத் தெரிந்தது. வெடிப்பு அதற்கு மேல் ஒரு நூல்கூட ஓடவில்லை.

ஓட்டைக்குள் வளைந்த மண் குழாய் ஒன்றை வாய் கீழே பார்க்கிற மாதிரி வெளிப்பக்கம் வைத்தேன். உள்பக்கம் கம்பி வலையை இரண்டு மடிப்பாகப் போட்டுச் சாந்தில் இறுக்கினேன். முட்டுக் கொடுத்த சட்டத்தை எடுக்கவில்லை. பச்சைச் சாந்துக்குப் பக்கத்தில் நெருப்பு வைக்கக் கூடாது, ஆகையால் பற்ற வைத்துப் பார்க்காமலே வீட்டுக்குப் போனேன்.

வியாழக்கிழமை விடியும்போதே மழை. மழை என்றால் மேட்டையே காணவில்லை, அப்படி மூட்டம். நான் போனபோது ஆறரை. அந்த அம்மா விறகை அடுக்கி வைத்துவிட்டு, நான் வரும் வரைக்கும் பற்ற வைக்காமல் நின்றார். விசிறி நின்றது. ஓட்டை திறந்திருந்தது.

"பிஸ்மில்லாஹ்," என்று சொல்லிப் பற்ற வைத்தார்.

புகை கீழே வந்தது.

மருமகன் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. அந்த அம்மா பார்க்கவே இல்லை, அது அதைவிட மோசம். சுவரைப் பிடித்தேன், கூண்டுச் சுவர். பனிக்கட்டி மாதிரி குளிர்ந்திருந்தது.

அப்போதுதான் தட்டியது. முந்தாநாள் வைத்த சாந்து, நேற்று மத்தியானத்திலிருந்து நெருப்பில்லாமல் கிடந்த கூண்டு, விடிய விடிய மழை. உள்ளே குளிர்ந்த காற்று தண்ணீர் மாதிரிக் கனமாக நிற்கிறது. இளம் புகைக்கு அதைத் தள்ள வலுவில்லை. கூண்டுக்கு முதலில் சூடு கொடுக்க வேண்டும்.

"பழைய பத்திரிகை! இருக்கிறது எல்லாத்தையும் கொண்டாங்க!"

கரிக்கதவைத் திறந்து முதல் தாளைக் கசக்கிக் கொளுத்தி உள்ளே போட்டேன். கறுத்து அணைந்தது. இரண்டாவது தாள் எரிந்து, புகை என் தாடியில் ஏறியது. மூன்றாவதையும் நான்காவதையும் சேர்த்துப் போட்டேன். கூண்டுக்குள் "ஊ" என்று ஒரு சத்தம். தாள் என் விரலிலிருந்து தானாக மேலே பறந்தது. அடுப்பைத் திரும்பிப் பார்த்தால், வாயில் நின்ற புகையெல்லாம் ஒரே இழுப்பில் உள்ளே போகிறது. தரையோரத்து ஓட்டையிலிருந்து வந்த காற்று என் கணுக்காலில் குளிராகப் பட்டது.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார் அந்த அம்மா. உடனே சட்டியை ஏற்றினார். நன்றி சொல்ல நேரமில்லை, ஒன்பது மணிக்கு பஸ்.

பத்து மணிக்கு வர வேண்டிய அதிகாரி எட்டரைக்கே வந்தார். முற்றத்தில் மோட்டார் சைக்கிள் நிற்கிற சத்தம். முதலில் வெளியே வந்த புகை குசினியின் மேல்பக்கம் இன்னும் மெல்லிசாகத் தொங்கிக்கொண்டிருந்தது. மருமகன் அதைப் பார்த்தார், விசிறி சுவிட்சுக்குப் பாய்ந்தார். எப்படியோ அவருக்கு முன்னால் போய், முதுகைச் சுவிட்சில் வைத்து நின்றுவிட்டேன்.

"தள்ளுங்க பாஸ்," என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

"தள்ள மாட்டேன்."

"மேல பொக நிக்கிது. ஃபேனப் போட்டாத்தான் போகும்."

"போட்டீங்கன்னா கூண்டுல இருக்கிறதும் கீழ வந்திரும். தானா போகும், நில்லுங்க."

"போகல்லண்டா?"

"போகலன்னா என்னைப் பூட்டச் சொல்லுங்க."

அதிகாரி குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். மூக்கை உறிஞ்சினார். கூரையை அண்ணாந்து பார்த்தார். மேலே தொங்கிய கடைசிப் புகை கதவு திறந்ததில் கலைந்து போய்க்கொண்டிருந்தது. அடுப்புக்கு முன்னால் குனிந்து நெருப்பைப் பார்த்தார். பிறகு ஓட்டையைக் கண்டார். மண்டி போட்டு வலையில் கையை வைத்தார். குரங்கு வராதா என்று சிங்களத்தில் கேட்டார். குழாய் வளைந்திருக்கிறது, வலை இரண்டு மடிப்பு, குரங்கின் விரல்கூட நுழையாது என்று நின்ற இடத்திலிருந்தே சொன்னேன். நான் ஏன் சுவரோடு ஒட்டி நிற்கிறேன் என்று ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"கவ்த மேக ஹெதுவே?" என்றார். இதைச் செய்தது யார் என்று கேட்கிறார்.

நான் வாயைத் திறக்கிறதுக்குள் மருமகன் இரண்டு எட்டு முன்னால் போய், "மம தமய் சேர்," என்றார். நான்தான் என்றார்.

முன்னால் போய், இல்லை ஐயா, நான் என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். ஆனால் நான் நகர்ந்தால் சுவிட்ச் வெளியே வரும். மருமகன் ஃபேனையும் போட்டுக் காட்டுகிறேன் சேர் என்று நிச்சயம் போடுவார், அவ்வளவு பெருமையில் நிற்கிறார். போட்டால் அந்த நிமிடமே பூட்டு. அந்த அம்மா கையில் அகப்பையோடு அசையாமல் நின்று என்னையே பார்க்கிறார். நான் வாயை மூடிக்கொண்டு முதுகை இன்னும் அழுத்தினேன். சுவிட்சின் முனை முதுகெலும்பில் குத்தியது.

அதிகாரி மருமகனின் தோளில் தட்டிக் கொடுத்தார். கடதாசியில் கையெழுத்துப் போட்டார். மோட்டார் சைக்கிள் சத்தம் ரோட்டுக்கு ஏறிய பிறகுதான் நான் சுவரை விட்டு வந்தேன். பார்சல் ஒன்பது மணி பஸ்ஸில் போனது. இன்றைக்கும் போகிறது. அந்த அம்மா அன்றைக்கு எனக்குப் போட்ட சோற்றில் இரண்டு முட்டை இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு மாதம் கழித்து என் மகள் ஃபோனை என் முன்னால் நீட்டினாள். அதில் அந்தக் குசினி. மருமகன் நின்று பேசுகிறார்: வெளிநாட்டு அனுபவத்தில் நான் கண்டுபிடித்த புகையில்லாத அடுப்பு. என் ஓட்டையைக் காட்டுகிறார். என் மூன்று அடியைக் காட்டுகிறார். பத்திரிகை கொளுத்துவதைக்கூடச் செய்து காட்டுகிறார், தாளைத் தப்பாகக் கசக்குகிறார். மாத்தளையிலிருந்தும் மாவனல்லையிலிருந்தும் ஆட்கள் அவரைக் கூப்பிட்டு அடுப்புக் காட்டுகிறார்களாம். அந்த அம்மாவிடம் கேட்டேன். "மகன் யோசிக்காமப் போட்டுட்டாரு பாஸ், நான் சொல்றேன்," என்றார். சொல்லியிருப்பார். வீடியோ அப்படியேதான் இருக்கிறது.

ஆகையால் இதை எழுதினேன். தம்பி, ஃபேன் உங்களுடையது, முட்டுக் கொடுத்த சட்டமும் உங்களுடையது. அதில் எனக்குப் பங்கு வேண்டாம். புகை கீழே வந்த காரணத்தைக் கண்டது நான். சுவரை உடைத்தது நான். குளிர்ந்த கூண்டைச் சூடாக்கியது நான். நீங்கள் பெயர் வாங்கிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் சுவிட்சை மறைத்து நின்றதும் நான். அந்த வீடியோவைத் திரும்ப எடுங்கள். இதைச் செய்தது இன்ன மேசன் பாஸ் என்று, என் அப்பா பெயரோடு என் பெயரை முழுதாகச் சொல்லுங்கள். சொன்னால் மட்டும் போதாது, கீழே எழுதியும் போடுங்கள். எழுத்துப் பெரிதாக இருக்கட்டும், நான் கூட்டித்தான் படிப்பேன்.